ஒரு ரிவால்வருக்கு ஐந்து லட்சம் ஏன்?

பெரியப்பா இறந்த பிறகு எங்களை அதிகம் அலைய வைத்தது அவருடைய நிலமோ வீடோ இல்லை, ஒரு சின்ன ரிவால்வர். அவர் டாக்டர். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து ஊருக்கே திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு அதையும் கொண்டுவந்தார். வெளிநாட்டில் சில வருஷம் இருந்துவிட்டுக் குடித்தனத்தோடு திரும்புகிறவர்கள் ஒரு துப்பாக்கியைச் சுங்கத்தில் காட்டி, லைசென்ஸும் வாங்கி வைத்துக்கொள்ள அப்போது வழி இருந்தது. கொடைக்கானல் கீழ்மலையில் இருந்த காபித் தோட்டத்துக்குப் போகும் நாட்களில் அது அவரோடு போகும். மற்ற நாளெல்லாம் பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார், முடிவு வந்ததும் போய்த் திரும்ப வாங்குவார். அதை அவர் சுட்டு எங்களில் யாரும் பார்த்ததில்லை.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் வீட்டார் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். வேண்டாமென்றால் அனுமதி வாங்கி, லைசென்ஸ் வைத்திருக்கும் இன்னொருவருக்கு விற்கலாம். வாரிசு என்றால் பெரியப்பா மகனான அண்ணன்தான், அவர் டெக்சாஸில் இருக்கிறார். ஸ்டேஷனில் கிடந்ததை அனுமதி பெற்று ஒரு வியாபாரியின் கடைக்கு மாற்றிவிட்டு, அண்ணன் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தோடு நான்தான் போய் உட்கார்ந்தேன்.

கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். ரிவால்வரை வாங்கியதும் பக்கவாட்டுத் தாழை விரலால் தள்ளி உருளையை வெளியே சாய்த்தார். ஆறு துளைகளும் காலி என்று பார்த்துக்கொண்டு, பின்பக்கம் டார்ச் அடித்துக் குழலுக்குள் நோக்கினார். அப்புறம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வலப்பக்கம் பொறித்திருந்த ‘மேட் இன் யு.எஸ்.ஏ., ஸ்பிரிங்ஃபீல்டு, மாஸ்’ என்ற எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவினார். குழலைப் பார்த்த நேரத்தைவிட அந்த எழுத்துகளைப் பார்த்த நேரம் அதிகம். “தம்பி, இது அமெரிக்கன் ஸ்மித். முப்பத்திரண்டு. இதுக்கு ஆள் தேட வேண்டியதில்ல. போட்டோவ அனுப்பினா பஞ்சாப்ல இருந்தும் யூ.பி.ல இருந்தும் போன் வரும். அஞ்சு லட்சத்துக்குக் கொறச்சுக் கொடுத்துராதீங்க” என்றார். ஸ்மித் என்றது ஸ்மித் அண்ட் வெசன் என்ற அமெரிக்க நிறுவனத்தை, முப்பத்திரண்டு என்றது 0.32 என்ற தோட்டா அளவை.

அன்று ராத்திரி அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. “டேய், அந்த மாடல் இங்க அடகுக் கடையிலேயே கிடைக்கும்டா. நல்ல கண்டிஷன்னா ஐந்நூறு டாலர்.” ஐந்நூறு டாலர் என்றால் சுமார் 45,000 ரூபாய். அங்கே 45,000, இங்கே 5,00,000. ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே வயசு. பத்து மடங்குக்கு மேல் போகும் இந்த வித்தியாசம் எனக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. துப்பாக்கி மீது எனக்கு ஆசை கிடையாது, வீட்டில் வைத்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனால் ஒரு விலை ஏன் அந்த விலையாக இருக்கிறது என்று புரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வரி என்ற பதில்

யாரைக் கேட்டாலும் முதலில் வருவது வரிதான். ‘இம்போர்ட்டட் சாமான், டியூட்டி கூட இருக்கும்.’ பெர்ஃப்யூமும் ஐபோனும் கார்களும் நம்மைப் பழக்கி வைத்திருப்பது அப்படி. நானும் அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45,000 ரூபாய்ப் பொருளுக்குச் சுங்கத் தீர்வை, ஜிஎஸ்டி, கப்பல் கூலி எல்லாம் சேர்த்துத் தாராளமாக இன்னொரு 45,000 என்று வைத்தாலும் 90,000தான். வியாபாரி லாபம் என்று ஒரு 20,000 போடலாம். ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். மீதி நாலு லட்சத்துக்கு வரியில் பதில் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டல்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு ஏறியது. அந்த உயர்வை முழுசாக ஏற்றினாலும் சில ஆயிரங்கள்தான் கூடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரியப்பாவின் ரிவால்வருக்கு வரி கட்ட வேண்டிய தருணம் எழுபதுகளிலேயே முடிந்துபோயிற்று. இப்போது இந்தியாவுக்குள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற பழைய பொருள் அது. ஐந்து லட்சத்தில் ஒரு பைசா சுங்கத்துக்குப் போகப் போவதில்லை.

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது இதைக் கேட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு புது ரிவால்வரை எடுத்துவந்து, மேஜையில் விரித்திருந்த பச்சைத் துணிமேல் பெரியப்பாவுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். நம் அரசுத் தொழிற்சாலையில், கான்பூரில் செய்தது. அதே 0.32 தோட்டாதான் இதற்கும். தோட்டாவின் அடியில் ‘கேஎஃப்’ என்று பொறித்திருந்தது, புனே பக்கத்தில் இருக்கும் கிர்க்கி தொழிற்சாலையின் முத்திரை. இரண்டு துப்பாக்கிகளும் அதே தோட்டாவைத்தான் சாப்பிடும். கான்பூர் ரிவால்வரின் மேல்பக்கப் பூட்டைத் தட்டினார். நடுவில் மடங்கி, குழல் கீழே தொங்கியது. இங்கிலாந்தின் பழைய வெப்லி ரிவால்வரின் அமைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தது. “இது எவ்வளவு இருக்கும்னு சொல்லுங்க தம்பி” என்றார். நாற்பதாயிரம் என்றேன். லட்சத்துக்கு மேல் என்றார்.

அங்கேதான் என் கேள்வியே மாறியது. அதுவரை வெளிநாட்டுத் துப்பாக்கி ஏன் விலை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கப்பல் ஏறாத, சுங்கம் பார்க்காத, நம் நாட்டு இரும்பில் நம் நாட்டுத் தொழிலாளி செய்த ரிவால்வரும் ஏன் அமெரிக்கச் சந்தை விலையைவிட இரண்டு மூன்று மடங்கு? 2014இல் பெண்களுக்கென்று சொல்லி ‘நிர்பீக்’ என்ற இலகு ரிவால்வரை அதே கான்பூர் தொழிற்சாலை வெளியிட்டபோது அதன் விலை 1,22,360 ரூபாய். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 2,000 டாலர். அந்தப் பணத்தில் அமெரிக்காவில் நாலு ரிவால்வர் வாங்கியிருக்கலாம். இறக்குமதி நடக்கும் நாட்டில் எந்தத் தொழிற்சாலையும் இந்த விலை சொல்ல முடியாது. வெளியிலிருந்து எதுவும் வராது என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

கதவு மூடிய காலம்

எண்பதுகளின் நடுவில் இந்திய அரசு தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வதை நிறுத்தியது. பஞ்சாப் பற்றியெரிந்த காலம். அந்த நேரத்தில் அது தவறான முடிவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கதவு அப்புறம் திறக்கவே இல்லை. விளையாட்டுச் சுடுவீரர்கள், ரைபிள் கிளப்புகள் போன்ற சிலருக்கு ஒரு சின்ன வழி விடப்பட்டது, அவ்வளவுதான்.

கதவு மூடிய அன்றைக்கு நாட்டுக்குள் எத்தனை வெளிநாட்டு ரிவால்வரும் பிஸ்டலும் இருந்தனவோ கிட்டத்தட்ட அதுதான் மொத்த இருப்பு. புதிதாகச் சேர்வது மிகக் குறைவு, தேய்ந்தும் துருப்பிடித்தும் குறையத்தான் செய்யும். வாங்கத் தயாராக இருக்கும் லைசென்ஸ்தாரர்களோ வருஷா வருஷம் கூடுகிறார்கள், அவர்களிடம் பணமும் கூடுகிறது. இதற்கு மேல் ஒரு கட்டுப்பாடும் உண்டு: ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 எம்.எம்., 0.38 போன்ற ரகங்கள் பொதுமக்களுக்குத் தடை. உலகத்தில் இன்று அதிகம் விற்கும் பிஸ்டல்கள் 9 எம்.எம். ரகம். அது போக, நம் ஆட்களுக்குக் கைத்துப்பாக்கியில் பெரும்பாலும் மிஞ்சுவது 0.32 என்ற பழைய ரகம். வெளிநாட்டில் அதற்கு மவுசு குறைந்துவிட்டது. பெரியப்பாவின் மாடலை ஸ்மித் அண்ட் வெசனே நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அமெரிக்காவில் யாரும் சீந்தாததால் ஐந்நூறு டாலர், இங்கே சட்டம் அனுமதிக்கும் சில ரகங்களில் அதுவும் ஒன்று என்பதால் ஐந்து லட்சம்.

பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். புது வண்டியின் விலையைவிட ஓட்டிய வண்டியின் விலை அதிகமாக இருந்தது. வண்டிக்கு ஒரு விலை, காத்திருக்காமல் கையில் கிடைப்பதற்கு இன்னொரு விலை. தொண்ணூறுகளுக்குப் பிறகு ஸ்கூட்டருக்கு அந்த இரண்டாவது விலை ஒழிந்தது, துப்பாக்கிக்கு ஒழியவில்லை.

இந்தக் கதையில் என்னை உண்மையிலேயே கோபப்படுத்திய பகுதி ஒன்று உண்டு. கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரி மூடவில்லை. கடத்தலில் சுங்கத்துறை பிடித்து வைத்திருந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் சில உயர் பதவிக்காரர்களுக்கும் ஒதுக்கீடாக விற்கப்பட்டன. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட பிறகு அந்தப் பட்டியல்கள் வெளியே வந்தன. வெளிச் சந்தையில் லட்சங்களுக்குப் போகிற ஒன்றை, அந்தச் சந்தையை உருவாக்கிய சட்டத்தை இயற்றும் அவையின் உறுப்பினர்களே துறை நிர்ணயித்த விலைக்கு வாங்கலாம் என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். மசோதாவில் ஒன்று என்றுதான் இருந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டானது. 2020இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் உத்தரப் பிரதேசத்தில் ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவில் இந்தியக் கூட்டாளியோடு சேர்ந்து 0.32 ரிவால்வர் செய்ய ஆரம்பித்தது. விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். கடைக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “பேரு வெப்லிதான் தம்பி. ஆனா வர்றவன் பர்மிங்காம்னு பொறிச்சிருக்கான்னுதான் பார்க்கிறான்” என்றார்.

மற்ற நாடுகளில்

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைத்துத்தான் மற்ற நாடுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். துப்பாக்கி தண்ணீர்பட்ட பாடாக இருக்கும் அமெரிக்காவிலேயே இதே விளையாட்டு நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய ராணுவங்கள் கழித்துப்போட்ட ரைபிள்கள் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. உள்ளூர்த் தொழிற்சாலைகளால் அந்த மலிவு விலையோடு போட்டிபோட முடியவில்லை. ஸ்மித் அண்ட் வெசனின் தலைமையகம் அப்போது இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தில். 1958இல் ராணுவக் கழிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தவர் அந்த மாநிலத்தின் செனட்டர். அவர் பெயர் ஜான் எஃப். கென்னடி. ஐந்து வருஷம் கழித்து டல்லாஸில் அவரைக் கொன்றது அப்படி வந்த இத்தாலிய கார்க்கானோ ரைபிள்தான். தபாலில், தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலருக்கு விற்றது. முதன்முதலாக இதைப் படித்த அன்று வேறெதையும் படிக்க முடியவில்லை.

கடைசியில் 1968இல் சட்டம் வந்தது. இறக்குமதியாகும் துப்பாக்கி ‘விளையாட்டு நோக்கத்துக்கு’ ஏற்றதாக இருக்க வேண்டும் என்றது. கைத்துப்பாக்கிகளுக்கு நீளம், உயரம், எடை, பாதுகாப்பு அமைப்பு என்று மதிப்பெண் போட்டார்கள். பிஸ்டலுக்கு 75 மதிப்பெண் வேண்டும். ஜெர்மனியின் வால்தர் நிறுவனத்து பிபிகே பிஸ்டல் நூலிழையில் தோற்றது. வால்தர் என்ன செய்தது? அண்ணன் மாடலான பிபியின் பெரிய உடலில் பிபிகேயின் மேல்பாகத்தைப் பொருத்தி, பிபிகே/எஸ் என்று பெயரிட்டு அனுப்பியது. உள்ளே வந்துவிட்டது. அதே அளவில் ஸ்பிரிங்ஃபீல்டிலோ ஹார்ட்ஃபோர்டிலோ செய்த உள்ளூர்த் துப்பாக்கிக்கு எந்த மதிப்பெண்ணும் தேவைப்படவில்லை. ஆஸ்திரியாவின் கிளாக், பிரேசிலின் டாரஸ் எல்லாம் ஜார்ஜியா மாநிலத்தில் இடம் பிடித்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். எல்லைக்கு உள்ளேயே செய்துவிட்டால் இந்தத் தலைவலி கிடையாது.

1994இல் சீனத் துப்பாக்கிகளை கிளின்டன் அரசு தடுத்தது. அதுவரை அமெரிக்காவில் அடிமட்ட விலைக்குக் கிடைத்த சீன எஸ்கேஎஸ் ரைபிளின் விலை அதன்பின் ஏறிக்கொண்டே போனது. எல்லைக்கு வடக்கே கனடா தடுக்கவில்லை, அங்கே அது நீண்ட காலம் ஏழை வேட்டைக்காரனின் ரைபிளாகவே இருந்தது.

பெரியப்பாவின் ரிவால்வருக்கு ரொம்ப நெருக்கமான உதாரணமும் அமெரிக்காவில்தான் கிடைத்தது. 1986 மே 19. அந்தத் தேதிக்குப் பிறகு புதிதாகச் செய்யும் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் பதிவு செய்ய முடியாது. முன்பே பதிவானவை மட்டும் கைமாறலாம். கைமாற்றும் வரி 1934இலிருந்தே 200 டாலர், அது ஏறவே இல்லை. ஆனால் பதிவுள்ள ஒரு எம்-16 இன்று இருபதாயிரம், முப்பதாயிரம் டாலருக்குப் போகிறது. போலீஸ் துறைகள் புதிதாக வாங்குவது ஆயிரத்துச் சொச்ச டாலருக்கு. வரி 200, விலை 30,000. எண்பதுகளின் நடுவில் இங்கே ஒரு கதவு, அங்கே ஒரு கதவு, இரண்டிலும் விளைவு ஒன்றே.

இதைத் தலைகீழாகக் காட்டுவது கனடா. 2022 ஆகஸ்டில் கைத்துப்பாக்கி இறக்குமதியை நிறுத்தினார்கள். அக்டோபர் 21 முதல் உள்நாட்டுக் கைமாற்றத்தையும் முடக்கினார்கள். ஒலிம்பிக் போட்டிப் பிரிவுகளில் சுடுகிறவர்களைப் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. அங்கே ஒரு சாதாரண ஆளிடம் இருக்கும் ரிவால்வரை இன்னொரு சாதாரண ஆள் வாங்க முடியாது. இருப்பு உறைந்திருக்கிறது, ஆனால் சந்தை கிடையாது, அதனால் விலை ஏறவில்லை. இந்தியா வாசலை அடைத்துவிட்டு உள்ளே வியாபாரத்தைத் திறந்து வைத்தது. கனடா இரண்டையும் அடைத்தது. இந்த ஒரே வித்தியாசத்தில்தான் ஐந்து லட்சம் பிறக்கிறது.

வரியால் விலை ஏறும் நாடே இல்லையா என்றால், பிரேசில் இருக்கிறது. 2020 டிசம்பரில் போல்சொனாரோ அரசு கைத்துப்பாக்கிகள் மீதான 20 சதவீத இறக்குமதி வரியைப் பூஜ்யமாக்கியது. அமலுக்கு வருவதற்கு முன்பே உச்ச நீதிமன்ற நீதிபதி எட்சன் ஃபாக்கின் அதை நிறுத்திவைத்தார். பிறகு வந்த லூலா அரசு 2023இல் துப்பாக்கி மீதான உற்பத்தி வரியை 55 சதவீதமாக்கியது. உள்நாட்டில் டாரஸ் என்ற பெரிய நிறுவனம் இருந்தும், அது செய்யும் பிஸ்டல் பிரேசில்காரருக்கு விழும் விலையைவிட அமெரிக்கருக்கு மலிவாகக் கிடைக்கிறது. பிரேசிலில் விலை ஏற்றத்தில் ஒரு பங்காவது அரசின் கஜானாவுக்குப் போகிறது. பிடிக்கிறதோ இல்லையோ, அந்தப் பணம் எங்கே போகிறது என்று சொல்ல முடியும்.

அந்தப் பணம் யாருடையது

ரிவால்வர் கடைசியில் விற்றது. வேறு மாநிலத்துக்காரர், கட்டட ஒப்பந்தக்காரர். தாள்களெல்லாம் சரியாக இருந்தன, இரண்டு பக்க அனுமதியும் வந்து சேர்ந்த பிறகு நேரில் வந்தார். மரியாதையான மனிதர், எனக்கு இனிப்பு வாங்கிவந்திருந்தார். உருளை சரியாகச் சுழல்கிறதா, விசை கனமா லேசா என்று எதையும் அவர் கேட்கவில்லை. ஸ்மித் அண்ட் வெசனின் பழைய நீல அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, பெரியம்மா அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தார். அதைக் கொடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது. குடும்பத்தில் அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிட்டதே என்று சொன்னார்.

அண்ணன் கணக்கில் பணம் விழுந்தது. எங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் சட்டப்படி நடந்தது. ஆனாலும் அந்தத் தொகை பெரியப்பாவின் உழைப்பில் வந்ததென்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் பீரோவில் வைத்துப் பூட்டியதைத் தவிர அதற்கு ஒன்றும் செய்யவில்லை. டில்லியில் ஒரு உத்தரவு வந்தது, அந்த நேரத்தில் அவர் வாசலுக்கு உள்ளே இருந்தார். அதற்கான கூலி நாலு லட்சம். இப்படி நாடு முழுக்க எத்தனை பீரோக்களில், எத்தனை லட்சங்கள்! துப்பாக்கியை அரிதாக்கி வைத்ததால் உண்டான பணம் முழுவதும், துப்பாக்கியை ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கே போய்ச் சேர்கிறது.

விலை அதிகமாக இருப்பது நல்லதுதானே, குறைந்த பேர்தானே வாங்குவார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நானும் துப்பாக்கி எளிதில் கிடைக்கக் கூடாது என்ற கட்சிதான். தமிழ்நாட்டில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கஷ்டம் குறையக் கூடாது. ஆனால் லைசென்ஸ் கேட்கும் கேள்வி வேறு, விலை கேட்கும் கேள்வி வேறு. உனக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறதா, உன் பேரில் வழக்கு இருக்கிறதா, பாதுகாப்பாக வைத்துக்கொள்வாயா என்று லைசென்ஸ் கேட்கிறது. உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும்தான் விலை கேட்கிறது. விலை பத்து மடங்கானதும் ரிவால்வர் நகையாகிவிட்டது. வடக்கே கல்யாண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுட்டு மாப்பிள்ளைகளும் குழந்தைகளும் செத்த பிறகு, 2019 திருத்தத்தில் அதற்கென்றே இரண்டு வருஷம் வரை சிறை என்று ஒரு பிரிவு போட வேண்டிவந்தது. நகை என்றால் கல்யாணத்துக்குத்தானே போட்டுக்கொண்டு போவார்கள்.

கொலைக்கும் கொள்ளைக்கும் இந்த விலையால் ஒரு இடைஞ்சலும் இல்லை. நம் நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தால் நடப்பவை. பீகார் முங்கேரில் வீட்டுப் பின்கட்டுப் பட்டறைகளில் செய்கிற கள்ளப் பிஸ்டலிலும் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று பொறித்தே விற்கிறார்கள். எங்கள் கடைக்காரர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாரே, அந்த எழுத்துக்கு அங்கேயும் மதிப்பு.

அடிபடுகிறவர்கள் யார்

என் நண்பரின் மகள் 25 மீட்டர் பிஸ்டல் பிரிவில் பயிற்சி எடுக்கிறாள். கல்லூரி இரண்டாம் வருஷம். கிளப்பில் இருக்கும் இறக்குமதி 0.22 பிஸ்டல் ஒன்றை அவளும் இன்னும் சிலரும் முறை வைத்துச் சுடுகிறார்கள். ஒவ்வொருவர் கைக்கும் பிடி வேறு. மற்ற நாடுகளில் அந்த மரப்பிடியை உள்ளங்கைக்கு ஏற்றபடி அரத்தால் ராவி, மரத்தூள் பசை அப்பி, மறுபடி ராவிச் சரிசெய்வார்கள். ஒருத்தியின் பிஸ்டல் ஒருத்தியின் கையோடு அப்படித்தான் பழகும். இங்கே பொதுப் பிடி என்பதால் அவள் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு சுடுகிறாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டை ஒரு நூலளவு வேறு இடத்தில் உட்காரும். பத்து வளையத்துக்கும் எட்டு வளையத்துக்கும் நடுவில் அந்த நூல்தான் இருக்கிறது.

தேசிய அளவில் தகுதிப் புள்ளியை எட்டிவிட்டால் சங்கத்தின் பரிந்துரையோடு, சுங்கச் சலுகையோடு அவளே இறக்குமதி செய்துகொள்ளலாம். சலுகை நல்ல சலுகைதான். ஆனால் அந்தப் புள்ளியை எட்ட நல்ல பிஸ்டல் வேண்டும், நல்ல பிஸ்டல் வர அந்தப் புள்ளி வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு மூன்று வருஷத்தைப் பணமுள்ள வீட்டுப் பிள்ளைகள் பழைய துப்பாக்கியை ஏறிய விலைக்கு வாங்கித் தாண்டிவிடுகிறார்கள். 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தொல்லை இல்லை. நம்மிடம் சாதனையாளர்கள் அந்தப் பக்கம் அதிகம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கம், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் உலகக் கோப்பைத் தங்கங்கள் எல்லாம் ஏர் ரைபிளில் வந்தவை. அந்த ரைபிள்களும் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் பெயர்கள்தான். அங்கேயே அவை மலிவு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதானதையும், சரிசெய்து வருவதற்குள் நேரம் ஓடியதையும் எல்லோரும் பார்த்தோம். உச்சத்தில் இருப்பவர்களுக்கே கருவி அப்படிப் படுத்தும்போது, பொதுப் பிஸ்டலில் பழகுகிறவளுக்கு மாற்று என்று எதைக் கொடுப்பது?

நாற்பது வருஷம் பழைய இறக்குமதித் தடையை அரசு மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். லைசென்ஸை இப்போது இருப்பதைவிடக் கடுமையாக்கட்டும். லைசென்ஸ் பெற்றவர் கணக்கோடு, அளவோடு இறக்குமதி செய்யட்டும். அதற்கு 100 சதவீத வரி போட்டாலும் நான் எதிர்க்க மாட்டேன். இன்று பீரோக்களில் தூங்கிக்கொண்டு லட்சங்களாகக் குட்டிபோடும் அந்த வித்தியாசம் வரியாக வசூலாகட்டும். அதிலிருந்து மாவட்டத்துக்கு ஒரு ரைபிள் கிளப்பாவது நாலு போட்டிப் பிஸ்டல் வாங்கட்டும். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் கழற்றி மாட்ட ஆறேழு தனித்தனிப் பிடிகள் சேர்த்து வாங்கினால், நண்பரின் மகளைப் போன்றவர்கள் தகுதிப் புள்ளிக்கு முன்பே தங்கள் கைக்கு ராவிய பிடியில் சுட ஆரம்பிக்கலாம்.